அழுகையா, வீம்பா? – மெக்சிகோவின் பிரிவுப் பாடல் குறித்துச் சில எண்ணங்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு எதிலாவது மனத்தைச் செலுத்த வேண்டும் என்று பலரும் சொல்ல, நான் தில்லியில் மாலை நேர ஸ்பானிய மொழி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். "இந்த வயசுல எந்த தேசத்துக்குப் போகப் போறீங்க?" என்று வீட்டில் கேலி செய்தார்கள். எங்கள் ஆசிரியை மெக்சிகோ நாட்டவர். காது பழகட்டும் என்று ஒரு பாட்டுத் தொகுப்பைக் கொடுத்தார். தினமும் மாலையில் அதைப் போட்டுவிட்டுக் காய்கறி நறுக்குவது என் வழக்கமாயிற்று.

அந்த நாள்களில் என் தம்பி எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தான். அவன் மணவாழ்க்கை முறிந்து, வழக்கு முடிந்து, தீர்ப்பும் வந்துவிட்டிருந்தது. இரண்டு வாரமாக அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நம் குடும்பங்களில் இப்படித்தானே! ஒரு நாள் சமையலறை வாசலில் வந்து நின்றவன், பாட்டு முடிந்ததும், "அண்ணா, அதையே இன்னொரு தடவை போடேன்" என்றான். இரண்டாம் முறையும் கேட்டுவிட்டு, "இது அழற பாட்டா, சண்டை போடற பாட்டா?" என்றான். ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாதவன் கேட்ட கேள்வி அது. எனக்கும் அப்போது பாதிதான் புரிந்திருந்தது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அந்தக் கேள்விக்கு இவ்வளவு காலம் கழித்துப் பதில் சொல்ல முயல்வதே இக்கட்டுரை.

ராஞ்சேரா என்னும் வகை

நாங்கள் கேட்டது ராஞ்சேரா வகைப் பாடல். 'ராஞ்சோ' என்றால் பண்ணை, பண்ணை சார்ந்த சிற்றூர். ஆக, ராஞ்சேரா என்பதை நாட்டுப்புறத்துப் பாட்டு என்று பெயர்க்கலாம். ஆனால் பெயரை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. இந்தப் பாடல் வகை இன்றைய வடிவத்தை அடைந்தது பெரும்பாலும் நகரத்தில்தான். 1910இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சியின் குழப்பத்திலும் அதன் பின்னரும் கிராமங்களை விட்டு மெக்சிகோ நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். 1930இல் தொடங்கப்பட்ட எக்ஸ்.இ.டபிள்யூ. வானொலியும், 1936இல் வெளியான 'அய்யா என் எல் ராஞ்சோ கிராண்டே' போன்ற திரைப்படங்களும் இந்தப் பாடல்களை நாடெங்கும் கொண்டுபோயின. விட்டு வந்த ஊரை நகரத்தில் இருந்தபடி நினைப்பவர்களின் பாட்டு இது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, சங்கம் வைத்து, மலர் போடும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாடகருக்குப் பின்னே நிற்பது மரியாச்சி என்னும் குழு. பல வயலின்கள், இரண்டு டிரம்பெட்டுகள், கிட்டார், ஐந்து நரம்புகள் கொண்ட சிறிய விஹுவேலா, பெருத்த வயிற்றோடு கூடிய ஆறு நரம்புக் கிட்டாரோன் ஆகியவை அதன் முக்கிய கருவிகள். மேற்கு மெக்சிகோவில், குறிப்பாக ஹாலிஸ்கோ மாநிலப் பகுதியில் வளர்ந்த இந்த இசைக்குழு முதலில் நரம்புக் கருவிகளின் குழுவாகவே இருந்தது. டிரம்பெட் நிலையான இடம் பெற்றது வானொலி, திரைப்படக் காலத்தில்தான். 2011இல் யுனெஸ்கோ மரியாச்சியை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வாத்தியம் தெரியாத பாட்டுக்காரர்

நாங்கள் கேட்ட பாடலை இயற்றியவர் ஹோசே ஆல்ஃபிரெடோ ஹிமெனெஸ். 1926இல் குவானாஹுவாட்டோ மாநிலத்தின் டோலோரெஸ் ஹிடால்கோ என்னும் ஊரில் பிறந்தவர். தந்தை மருந்துக் கடை வைத்திருந்தவர். அவர் இறந்தபின் சிறுவன் மெக்சிகோ நகரத்துக்கு வந்தான். உணவு விடுதியில் பரிமாறினார். கால்பந்தாட்டத்தில் கோல் காத்தார். வியப்பு என்னவென்றால், அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. இசைக் குறியீடும் தெரியாது. மெட்டை வாயால் பாடிக் காட்டுவார். மரியாச்சி வார்காஸ் குழுவைச் சேர்ந்த ரூபென் ஃபுவென்டெஸ் போன்ற வல்லவர்கள் அதை வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

இதை வெறும் வாழ்க்கைக் குறிப்பாக நான் சொல்லவில்லை. அவர் பாடல்களின் இயல்புக்கே இது ஒரு சாவி. மூச்சும் பேச்சும் எங்கே நிற்குமோ அங்கேதான் அவர் மெட்டும் நிற்கிறது. விரல்களின் வித்தை அதில் இல்லை. பெரும்பாலும் மூன்றே சுரக்கூட்டுகளுக்குள் பாட்டு முடிந்துவிடும். பாடத் தெரியாதவனும் மூன்றாவது முறை கேட்கும்போது கூடவே பாடிவிடலாம். நாடு முழுவதும் பாடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மௌனமாகும் வாத்தியம்

அவருடைய தொடக்க காலப் பாடல்களில் ஒன்றின் பெயர் 'எயா'. 'அவள்' என்று பொருள். 1950ஆம் ஆண்டு வாக்கில் வெளிவந்தது. கணீரென்ற குரல் படைத்த ஹோர்ஹே நெக்ரேட்டே முதலிய பலர் பாடியிருக்கிறார்கள். பாட்டின் கதை மிகச் சிறியது. ஒருவன் ஒருத்தியிடம் கெஞ்சிக் கெஞ்சிச் சலித்துவிட்டான். அவள் வாய் திறந்து சொன்ன ஒரே செய்தி, அன்பு தீர்ந்துவிட்டது என்பது. அவளை மறக்கக் குடியையும் பாட்டையும் நாடினான். அவை மறதிக்குப் பதில் கண்ணீரைத்தான் தந்தன. கடைசியில் அவளோடு ஒரு கோப்பை அருந்தி விடைபெறுகிறான்.

இங்கேதான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்த இடம் வருகிறது. கதைக்குள்ளே மரியாச்சிக் குழு வாசிப்பதை நிறுத்திவிடுகிறது. அவன் கைக்கோப்பை நழுவுகிறது. ஆனால், இந்த நிசப்தத்தை நமக்குச் சொல்வது யார்? முழுமூச்சாக வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு மரியாச்சிக் குழுவின் நடுவில் நிற்கும் பாடகன்! வயலின்கள் இழைகின்றன, கிட்டாரோன் அதிர்கிறது, அவனுக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. பெரிய துக்கம் வந்த வீட்டில் ஊரே பேசிக்கொண்டிருக்கும், துக்கத்துக்கு உரியவன் காதில் எதுவும் விழாது. அந்த நிலையைச் சொல்லாமல் சொல்ல, வாத்தியத்தையே கருவியாக்கிவிட்டார் இந்த வாத்தியம் தெரியாத மனிதர்.

இன்னொன்றும் உண்டு. அவன் துயரத்தைப் பார்த்து அவள் மனம் இளகுகிறது. போகாமல் இருந்துவிடலாமா என்று எண்ணுகிறாள். அவனோ, இன்றோடு இது முடிய வேண்டும் என்பதே விதி என்று சொல்லிவிடுகிறான். விதி என்பது அவன் சொல்லும் பெயர். நான் அதற்கு வேறு பெயர் வைப்பேன்: வீம்பு. அன்பு கிடைக்காத இடத்தில் இரக்கத்தை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்னும் வீம்பு. பாட்டின் உயிர் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒலி சொல்லும் செய்தி

தம்பி கேட்டது சொல்லை அல்ல, ஒலியை. ஆகவே ஒலிக்கு வருவோம். அன்று நாங்கள் கேட்ட பாடல் 'எல் ரேய்'. 'அரசன்' என்று பொருள். ஹிமெனெஸ் 1971இல், தம் வாழ்வின் கடைசிப் பகுதியில் தந்தது.

முதல் செய்தி: இது மேஜர் சுருதி அமைப்பில் அமைந்த பாட்டு. நம் முறையில் சொன்னால் சங்கராபரணத்தின் சுரங்கள். மேற்கத்திய இசையில் துக்கத்துக்குப் பெரும்பாலும் மைனர் அமைப்பைத் தேடுவார்கள். இந்தப் பாட்டு அங்கே போகவில்லை. கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கத்தக்க சுரங்களை வைத்துக்கொண்டு கைவிடப்பட்டவன் பாடுகிறான்.

இரண்டாவது, தாளம். மூன்று எண்ணிக்கை கொண்ட வால்ட்ஸ் நடை. முதல் எண்ணிக்கையில் கிட்டாரோன் அடிவயிற்றிலிருந்து 'டும்' என்கிறது. அடுத்த இரண்டில் விஹுவேலா 'சக், சக்' என்கிறது. கிட்டாரோனை வாசிப்பவர் ஒரே சுரத்தின் கீழ், மேல் நிலைகளை இரு நரம்புகளில் சேர்த்து இழுப்பதால் அந்த 'டும்' காதைவிட மார்பில் நன்றாகக் கேட்கும். தோளோடு தோள் சாய்ந்து ஆடுவதற்கான நடை இது. தனியே நிற்பவன் பாட்டுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டுமே ஆடக்கூடிய தாளம்!

மூன்றாவது, டிரம்பெட். பாடகன் ஓர் அடியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் அது பளிச்சென்று நுழைகிறது. அவன் குரல் தழுதழுக்கும் இடத்தில் அது தலைநிமிர்ந்து நிற்கிறது. அழுகிறவனைத் தோளில் தட்டி, 'எழுந்திருடா' என்று சொல்லும் நண்பனைப் போல.

நான்காவது, கத்தல். ராஞ்சேராவில் பாடகரோ வாத்தியக்காரரோ கேட்பவரோ இடையில் நீட்டி ஒரு கூச்சல் போடுவார்கள். சிரிப்பாகத் தொடங்கி அழுகையாக முடியும். சில நேரம் மாறியும் முடியும். ஸ்பானிய மொழியில் அதற்கு 'கிரீட்டோ' என்று பெயர். இந்தச் சொல்லுக்கு மெக்சிகோ வரலாற்றில் வேறோர் இடமும் உண்டு. 1810 செப்டம்பர் 16 அதிகாலையில் மிகுவெல் ஹிடால்கோ என்னும் பாதிரியார் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக மக்களைத் திரட்டி எழுப்பிய விடுதலைக் குரலையும் 'கிரீட்டோ' என்றே சொல்கிறார்கள். அவர் அதை எழுப்பிய ஊர் டோலோரெஸ். நம் பாட்டுக்காரர் பிறந்த அதே ஊர். நாட்டின் கத்தலும் காதலின் கத்தலும் ஒரே சொல்லைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

இதைப் பற்றி யோசிக்கும்போது ஒக்டாவியோ பாஸ் நினைவுக்கு வராமல் போவதில்லை. 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிகோவின் தூதராக இருந்து, இதே தில்லியில் பிருத்விராஜ் சாலையில் குடியிருந்தவர். 1990இல் நோபல் பரிசு பெற்றவர். 1950இல் வெளியான 'தனிமையின் புதிர்வழி' என்று பொருள்படும் நூலில், மெக்சிகோக்காரன் முகமூடிக்குள் தன்னை அடைத்துக்கொள்பவன் என்று அவர் எழுதினார். செப்டம்பர் 15 இரவில் சதுக்கங்களில் மக்கள் கத்துவது, ஆண்டின் மிச்ச நாள்களில் மௌனமாக இருப்பதற்காகத்தானோ என்றும் கேட்டார். ராஞ்சேராவும் அப்படி ஓர் அனுமதி பெற்ற கூச்சல். மூன்று நிமிடம் கத்தலாம். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையும் உண்டு, பெருமிதமும் உண்டு. இழவிலிருந்து பிறப்பது முன்னது. தறுகண்மையிலிருந்து பிறப்பது பின்னது. இந்தப் பாட்டில் சொல் ஒன்றைச் சுமக்க, ஒலி மற்றொன்றைச் சுமக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்வதால்தான் மொழி தெரியாதவனுக்கும் அந்தக் குழப்பம் வந்தது. அது குழப்பமல்ல, சரியான கேள்வி.

அரசன் என்று சொல்லிக்கொள்பவன்

இனி எதிர்வாதத்துக்கு வருகிறேன். வெறும் பாராட்டு விமர்சனம் ஆகாது.

'எல் ரேய்' பாட்டின் பொருள் முழுதாகப் புரிந்தபோது எனக்குக் கொஞ்சம் கசந்தது என்பதே உண்மை. வெளியே தள்ளப்பட்ட ஒருவன், நான் செத்தால் நீ அழுவாய் என்கிறான். காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் இஷ்டப்படி நடப்பதாகவும், தான் வைத்ததே சட்டம் என்றும் முழங்குகிறான். அவள் பிரிந்து போனதற்குக் காரணமே இந்தக் குணமாக இருக்குமோ என்று ஏன் அவன் ஒரு கணமும் எண்ணவில்லை? அவளுக்கு இந்தப் பாட்டில் குரலே இல்லை. 'எயா' பாடலிலும் அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை; 'அவள்', அவ்வளவுதான். இவை பாடப்பட்ட கந்தீனா என்னும் மதுச்சாலைகளுக்குள் பெண்கள் செல்ல 1980கள் வரை மெக்சிகோ நகரத்தில் சட்டப்படி தடை இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். பாட்டில் பேசப்படுபவள், பாட்டு ஒலித்த இடத்துக்குள் நுழைய முடியாதவள்.

மதுவும் அப்படித்தான். பிரிவுக்கு மருந்து கோப்பைதான் என்று இந்தப் பாடல்கள் ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தன என்று குற்றம் சாட்டினால் மறுப்பது கடினம். அதை எழுதியவரே 1973 நவம்பரில், 47 வயதில், கல்லீரல் கெட்டு இறந்துபோனார். பிறந்த ஊரில் பிரமாண்டமான தொப்பியும் வண்ணக் கம்பளமும் போன்ற சமாதி கட்டி வைத்திருக்கிறார்கள். அழகுதான். ஆனால் 47 வயது என்பது வயதா?

இந்தக் குற்றச்சாட்டுகளை ஏற்றுக்கொண்ட பிறகும் பாட்டை என்னால் ஒதுக்க முடியவில்லை. காரணத்தைப் பாட்டுக்குள்ளேயே தேடினேன். தான் அரசன் என்று அவன் சொல்லும் இடத்தைக் கவனியுங்கள். அரியணை இல்லை, அரசி இல்லை, தன்னைப் புரிந்துகொள்ள ஆளே இல்லை என்று வரிசையாக இல்லாமைகளை அடுக்கிவிட்டு, அதன் முடிவில்தான் பட்டத்தைச் சூட்டிக்கொள்கிறான். எதை வைத்து அரசன்? ஒன்றையும் வைத்து அல்ல. கேட்பவனுக்கும் தெரியும், பாடுபவனுக்கும் தெரியும். அதிகாரத்தைப் பேசுவதுபோல் தொடங்கிய பாட்டு அதிகாரத்தின் வெறுமையைக் காட்டி முடிகிறது. இதை ஆண் திமிரின் கீதமாக மட்டும் கேட்பவர்கள் பாதிப் பாட்டைத்தான் கேட்கிறார்கள்; மதுச்சாலையில் மேசையைத் தட்டிப் பாடுபவர்களும் அதே பாதியைத்தான் கேட்கிறார்கள் என்பது வருத்தம்.

பெண்கள் பாடியபோது

இந்த என் வாசிப்பு சரிதானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. பெண் பாடினால் என்ன ஆகிறது?

சாவேலா வார்காஸ் 1919இல் கோஸ்டாரிக்காவில் பிறந்து, மெக்சிகோவைத் தம் நாடாக்கிக்கொண்டவர். கால்சட்டையும் சிவப்புக் கம்பளிப் போர்வையும் அணிந்து, ஆண்களோடு சமமாகக் குடித்து, ஹிமெனெஸின் பாடல்கள் பலவற்றைப் பாடினார். ஆண்கள் பெண்ணை நோக்கிப் பாடுவதாக எழுதப்பட்டவற்றைப் பால் மாற்றாமல் அப்படியே பாடினார். தம் காதல் பெண்களின் மீதுதான் என்பதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். குடியால் நெடுங்காலம் மேடையை இழந்து, 1990களில் மீண்டு வந்து, 2003இல் நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் பாடினார். 2012இல் மறைந்தார்.

இசையில் அவர் செய்த பெரிய காரியம், மரியாச்சியை அகற்றியது. டிரம்பெட் இல்லை, வயலின் இல்லை, கிட்டார் மட்டும். வேகத்தையும் குறைத்துவிட்டார். தோளில் தட்டும் நண்பன் போய்விட்டான். தனிக்குரல், கரகரத்து, சில இடங்களில் பேச்சாகவே உடைந்து நிற்கிறது. இப்போது வீம்பு எங்கே போயிற்று? போகவில்லை! அதிகாரம்தான் உதிர்ந்துபோயிற்று. அடக்கி ஆள யாரும் இல்லாத ஒருத்தி நிமிர்ந்து நிற்பது மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே இந்தப் பாடல்களில் உள்ள பெருமிதம் ஆணுக்கு மட்டும் பட்டா போட்ட சொத்து அல்ல என்பது எனக்கு உறுதியாயிற்று.

மற்றொருவர் பகீட்டா லா டெல் பார்ரியோ. மெக்சிகோ நகரத்தில் சொந்த உணவு விடுதி நடத்தி அங்கேயே பாடியவர். 2025 பிப்ரவரியில் காலமானார். அவர் வழி வேறு. பெயரற்ற 'அவள்' வாய் திறந்தால் என்ன பேசுவாள் என்பதற்கு அவர் பாடல்களே பதில். இரண்டு கால் எலி என்று ஆணை ஏசும் அவருடைய பாடல் உலகப் புகழ் பெற்றது. நயமான கவிதை என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே ராஞ்சேராவின் ஒலியைக் கொண்டே அரசனை அரியணையிலிருந்து இறக்கினார் பாருங்கள், அது நியாயமான விமர்சனம். நான் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு பாட்டில் செய்துவிட்டார்.

இன்றைய தலைமுறையிலும் இந்த வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2023இல் டெக்சாஸ் மாநிலத்து குரூப்போ ஃபிரொன்டேரா என்னும் இளைஞர் குழு, போர்ட்டோ ரிக்கோவின் பேட் பன்னியுடன் சேர்ந்து வெளியிட்ட பிரிவுப் பாடல் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் 5ஆம் இடம் வரை ஏறியது. மரியாச்சி இல்லை, அக்கார்டியனும் கும்பியா தாளமும். கைப்பேசியில் மின்சாரம் ஒரு சதவீதம் மிஞ்சியிருக்கும்போது பழைய காதலியை அழைத்து, உன் நினைவாகவே இருக்கிறேன் என்று ஒப்புக்கொள்ளும் பையன் அதில் வருகிறான். அரசன் என்ற பேச்சே இல்லை. மின்சாரம் தீர்வதற்குள் வீம்பைக் கைவிட்டாக வேண்டும். இதை வீழ்ச்சி என்று பழைய ரசிகர்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒலியின் துள்ளல் மட்டும் துக்கத்தை இன்னும் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

முடிவாக

ஒரு பிரிவுப் பாட்டின் தரத்தை அது எவ்வளவு அழவைக்கிறது என்பதைக் கொண்டு அளப்பது நம் வழக்கம். இந்தப் பாடல்கள் எனக்கு வேறோர் அளவுகோலைத் தந்தன. அழும்போது மனிதனை எப்படி நிற்க வைக்கிறது? கூட நிற்க யாரையாவது அழைக்கிறதா? அந்த வகையில், குறைகள் அத்தனையும் தெரிந்தே, ஹிமெனெஸை நான் பெரிய கலைஞர் என்பேன். அவர் சொற்களில் உள்ள அரசனை நம்ப வேண்டாம். அவர் தாளத்தில் உள்ள அந்தப் பக்கத்து ஆளை நம்பலாம்.

அன்று தம்பியிடம், "சண்டை போடற பாட்டுதான்டா" என்று சொல்லிச் சமாளித்தேன். அது தவறான பதில் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அன்று இரவு சாப்பாடு முடிந்தபின், அவனாகவே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, நடந்ததை எல்லாம் முதல் முறையாகச் சொல்ல ஆரம்பித்தான். பேசி முடிக்கும்போது மணி இரண்டு. இடையில் குரல் உடைந்தது. சில இடங்களில் தன் பக்கமே நியாயம் என்று வீம்பாகவும் பேசினான். நான் மறுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.